நெல்லை அள்ளினோம், கல்லை விட்டோம்

அந்தக் கல் எங்களுடையது. உடைந்த ஆட்டுக்கல்லின் ஒரு பாதி. வீட்டுக்குக் கிரைண்டர் வந்தபிறகு கொல்லையில் சும்மா கிடந்ததை என் அண்ணன்தான் உருட்டிக்கொண்டுபோய்ச் சாலையில் வைத்தார்.

எங்கள் ஊர் திருவையாற்றுக்குப் பக்கம். குறுவை அறுக்கிற நாளாகப் பார்த்து மழையும் வரும். மிஷின் அறுத்துக் கொட்டுகிற நெல் ஈரமாக இருக்கும். கொள்முதல் நிலையத்தில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, காய வைத்துக் கொண்டுவரச் சொல்லித் திருப்பிவிடுவார்கள். காய வைக்க ஊரில் களம் இல்லை. இருப்பது தார்ச்சாலைதான். பாதிச் சாலையில் நெல்லைப் பரப்பி, வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் வரிசையாகக் கல் வைப்போம். சாயங்காலம் நெல்லை அள்ளிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவோம். கல்லை மட்டும் எடுக்கமாட்டோம். காலையில் மறுபடியும் வேண்டுமே.

நெல்லுக்கு இத்தனை காவல் போடுகிற நாங்கள், நெல் போனபிறகு அந்தக் கல் எதைக் காக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. நானும்தான். கல்யாணமாகித் தஞ்சாவூரில் இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமையானால் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன். அந்தக் கல்லால் நடந்த விபத்துக்கு முந்தின ஞாயிறு, இருட்டுகிற நேரத்தில் ஸ்கூட்டரில் திரும்பும்போது வெறும் சாலையில் அந்தப் பாதிக் கல்லைப் பார்த்தேன். ஒதுங்கி வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இறங்கித் தள்ளிவிட அரை நிமிடம் ஆகியிருக்கும். பஸ்ஸா போய்விடப் போகிறது எனக்கு?

நான் தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். அந்தப் புதன்கிழமை எனக்கு விபத்துப் பிரிவில் மாலை டியூட்டி. ஏழு மணி வாக்கில் ஆம்புலன்ஸில் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். வலது தொடை எலும்பு முறிந்திருந்தது. பள்ளிக்கூட வேன் டிரைவர். பிள்ளைகளை இறக்கிவிட்டு, வேனை நிறுத்திவிட்டு, தன் பைக்கில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறார்.

"எப்படிங்க விழுந்தீங்க?" என்று கேட்டேன்.

"எதுத்தாப்புல வந்த லாரிக்கு ஒதுங்குனேன் சிஸ்டர். ரோட்டுல கல்லு கெடந்திருக்கு. லைட் வெளிச்சத்துல தெரியல. விழுந்து கெடந்தப்பதான் பாத்தேன். ஆட்டுக்கல்லு மாதிரி, நடுவுல குழியா இருந்துச்சு."

எந்த இடம் என்று கேட்டேன். வாய்க்கால் மதகுக்கு இந்தப் பக்கம் என்றார். என் கை ஊசியைப் போட்டது, வாய் அவரோடு பேசியது. மதகுக்கு இந்தப் பக்கம்தான் நாங்கள் நெல் காய வைப்பது.

அவரை எக்ஸ்ரே எடுக்க அனுப்பிவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"நெல்ல அள்ளிட்டீங்களாண்ணே?"

"அள்ளியாச்சு. இங்க ஒரே மேகமா இருக்கு."

"கல்ல எடுத்தீங்களா?"

அண்ணன் மறுபடி மேகத்தைப் பற்றியே பேசினார். விழுந்தவரைத் தூக்கிவிட ஓடிய கூட்டத்தில் அவரும் இருந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் போனதும் கல்லை வாய்க்காலில் தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். அதையும் நான் கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினேன்.

கேஸ் ஷீட்டில் டியூட்டி டாக்டர், பைக்கிலிருந்து தானாக விழுந்ததாக எழுதியிருந்தார். கல்லில் மோதி விழுந்ததாக மாற்றி எழுதச் சொன்னேன். "நீங்க பாத்தீங்களா சிஸ்டர்?" என்று சிரித்தார். "அவரே சொல்றாரு சார். அந்தக் கல்லயும் எனக்குத் தெரியும், எங்க அண்ணன் வச்சது" என்றேன். சிரிப்பு நின்றது. மாற்றி எழுதினார்.

மறுநாள் அண்ணனே கூப்பிட்டார். குரலில் தெம்பு வந்திருந்தது.

"அந்த ஆளு குடிச்சிருந்தானாம்ல? கொள்முதல் நிலையத்துல எல்லாரும் அதத்தான் பேசிக்கிறாங்க."

"ஒரு சாண் தள்ளி நின்னு ஊசி போட்டவ நான். வாடையே இல்ல. அத கேஸ் ஷீட்டுல எழுதியும் வச்சிருக்கு."

"ஊரே சொல்லுது."

"ஊருக்கு மூக்கு அவ்வளவு நீளமாண்ணே?"

போனை வைத்துவிட்டார்.

அண்ணன் கெட்டவர் இல்லை. குத்தகை நிலத்தில் கிடந்து உழைத்து என்னை நர்ஸிங் படிக்க வைத்தவர். அதனால்தான் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது. பயந்துபோன நல்ல மனுஷன் எவ்வளவு தூரம் போவான் என்று எனக்குத் தெரியும். நானும் ஒருமுறை போகப் பார்த்தவள்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் ஒரே பெயரில் இரண்டு பேர். ஒருவருக்குப் போடவேண்டிய இன்சுலினை மற்றவருக்குப் போட்டுவிட்டேன். போட்டு முடித்துக் காலி ஊசியோடு நிற்கும்போதுதான் உறைத்தது. யாரும் பார்க்கவில்லை. வேலை போய்விடும், அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது என்றெல்லாம் ஓடியது. மருந்து அறைக்குள் போய் நின்றுகொண்டேன். எவ்வளவு நேரம் நின்றேனோ, அவ்வளவு நேரமும் அந்தப் பெரியவருக்குச் சர்க்கரை இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு ஓடிப்போய்ச் சொன்னேன். குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்றினார்கள். அவர் மகனிடம் நானே போய் என் தப்பென்று சொன்னேன். திட்டினார், வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து பெயரோடு நோயாளியின் கைப்பட்டையிலிருக்கும் நம்பரையும் வாய்விட்டுப் படிக்காமல் ஒரு ஊசியும் போட்டதில்லை. ஊசி மாறியதைவிட, அந்த அறைக்குள் நின்ற நேரத்தைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்கமுடியவில்லை.

மூன்றாம் நாள் டிரைவரின் மனைவி வராந்தாவில் அழுதுகொண்டிருந்தார். வேன் ஓனர் போன் பண்ணினாராம். குடிக்கிற ஆளிடம் பிள்ளைகளை ஒப்படைக்க முடியாது, வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம்.

"டீ தவிர எதையும் தொடமாட்டாரு சிஸ்டர். யாரு கெளப்பிவிட்டாங்கன்னே தெரியல."

எனக்குத் தெரியும். கொள்முதல் நிலையத்தில் நிற்கிற எங்கள் ஆட்கள்தான். டியூட்டி முடிந்ததும் நேரே ஊருக்குப் போனேன். அண்ணன் சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"கால் முறிஞ்சது நம்ம கல்லால. வேலை போகப் போறது நம்ம வாயால. கல்ல வேணும்னு வைக்கல, ஒத்துக்கறேன். இதுவும் அப்படித்தானா?"

"கேஸாயிடும்டி."

"ஆகட்டும். நான் வந்து கூட நிக்கிறேன்."

அண்ணி உள்ளே போனார். அண்ணனின் சட்டையை எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்றைக்கே மருத்துவமனையில் படுக்கைப் பக்கத்தில் நின்று, டிரைவரின் முகத்தைப் பார்க்காமல் அண்ணன் சொன்னார். "அந்தக் கல்லு என்னுதுங்க. எடுக்காம வந்துட்டேன். தப்புதான்."

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் மனைவிதான் பேசினார்.

"எங்ககிட்ட சொல்லி என்னங்க ஆகப்போகுது? இவருக்குத்தான் கல்லுன்னு தெரியுமே. குடின்னு எங்க சொன்னாங்களோ, அங்க போய் சொல்லுங்க."

குரலை உயர்த்தவே இல்லை. அண்ணன் தலையாட்டினார்.

மறுநாள் காலை கொள்முதல் நிலையத்துக்கு நானும் கூடப் போனேன். குவித்த நெல்லுக்குப் பக்கத்தில் முறைக்காகப் பத்திருபது பேர் காத்திருந்தார்கள். எல்லாரும் எங்கள் ஆட்கள், எல்லார் வீட்டுக் கல்லும் சாலையில்தான் இருந்தது. அண்ணன் தொண்டையைச் செருமினார். வெயில் ஏறுவதற்கு முன்பே அவருக்கு வேர்த்துவிட்டது.

"அந்த வேன் டிரைவரு குடிக்கலப்பா. நான் கல்ல எடுக்காம வந்துட்டேன். அதுல மோதித்தான் விழுந்தாரு."

இரண்டு பேர் குனிந்து நெல்லைக் கிளறினார்கள். பிறகு எங்கள் பெரியப்பா முறை ஒருவர் கிட்டே வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஏன்டா, நீயா போய் மாட்டிக்கிற? கல்லுல பேரா எழுதியிருக்கு? நாளைக்கி எங்களயுந்தான் கேப்பாங்க."

"கேக்கட்டும் பெரியப்பா. நேத்து நான் பாத்துட்டு வந்த காலுல கம்பி வச்சிருக்காங்க. நீங்களும் ஒருதடவ போய்ப் பாத்துட்டு வந்து, அப்புறம் குடின்னு சொல்லுங்க."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தன் நெல்லைப் பார்க்கப் போய்விட்டார். அண்ணனின் முறை வர இன்னும் நான்கே பேர்தான் இருந்தார்கள். விட்டால் அன்றைக்கு நெல் போடமுடியாது, மேகம் வேறு கூடிக்கொண்டிருந்தது. அவர் வானத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"வேன் ஓனர் வீடு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்" என்றேன்.

நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வந்து, என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.