சுடுதண்ணீர் பட்ட மரகதம்

எங்கள் அப்பா கோவிலம்பாக்கத்தில் பிறந்தவர். எட்டு வயதில் தகப்பனாரை இழந்தார். ட்யூஷன் எடுத்தே படித்து, சேலையூரில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியராகி, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். யாரையும் அடித்ததில்லை. ஆனால் யாராவது ஒன்றைத் தப்பாகச் சொல்லிவிட்டால், கல்யாணப் பந்தியில்கூடத் திருத்தாமல் விடமாட்டார். இதனால் மனத்தாங்கல் கொண்ட உறவினர்கள் அவரை மன்னிக்க வேண்டும்.

அவருடைய ஜாதகத்தில் புதன் சரியில்லை, பச்சைக் கல் போட்டால் வாக்கு பலப்படும் என்று கல்யாணத்தின்போது அம்மா வீட்டார் மரகத மோதிரம் போட்டார்கள். அப்பா அதைக் கழற்றி பீரோவில் வைத்தார். ஒருநாள் அம்மா மோதிரத்தைப் பாலில் போட்டு, அசல் கல்தான் என்பதற்கு அடையாளமாகப் பால் பச்சையாகத் தெரிவதைக் காட்டினார். அப்பா சோடா பாட்டில் கோலியை இன்னொரு டம்ளர் பாலில் போட்டார்.

“இதுவும் பச்சையாத்தான் தெரியுது பாரு. மரகதத்துல உள்ள பூரா கீறல் இருக்கும். எண்ணெய் ஏத்தி மறைச்சிருப்பாங்க. சுடுதண்ணி மட்டும் பட்டுடக் கூடாது, எண்ணெய் போயிடும்.”

பள்ளிக்கூடப் பெண்ணாக நானும் அருகில் இருந்தேன். கேட்டும் மறந்துபோனேன்.

போன வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. அம்மா மோதிரத்தைத் திருநீர்மலைப் பெருமாள் பாதத்தில் வைத்து வாங்கிவந்து, புதன்கிழமை காலையில் அவர் சுண்டுவிரலில் போட்டார். ஒரு வார்த்தையாவது வராதா என்று நாங்கள் இருவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான் தினமும் சுடுதண்ணீரும் சோப்பும் வைத்து, மோதிரத்தோடு அவர் கையைக் கழுவினேன்.

பத்தாம் நாள் கல் முழுக்க வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

“கல்லு விரிசல் விட்டுடுச்சுங்க. உங்களுக்கு வந்தத அது வாங்கிக்கிச்சு. இனிமே பேசிடுவீங்க, இல்ல?”

அப்பா என் கையிலிருந்த சுடுதண்ணீர்ப் பாத்திரத்தைப் பார்த்தார். ஆவி பறந்துகொண்டிருந்தது. பிறகு அம்மாவைப் பார்த்துத் தலையாட்டினார். அவர் அன்று சொன்னது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது; பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். அதற்கு மூன்றாம் நாள் அவர் போய்விட்டார்.

கூப்பிட்டதும் கார் எடுத்துவந்த எதிர்வீட்டு அண்ணாவுக்கும், முகம் சுளிக்காமல் கவனித்த செவிலியர்களுக்கும், வகுப்பறை போல வாசலில் வரிசையாக நின்ற மாணவர்களுக்கும் எங்கள் நன்றி.

மோதிரத்தை முன்பே போட்டிருந்தால் அப்பா பிழைத்திருப்பார் என்று அம்மா இந்த ஒரு வருடமாகத் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்கிறார். எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதைத் தவிர எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. திருத்திச் சொல்ல அப்பாவும் இல்லை. அதனால் இந்த நினைவஞ்சலியில் எழுதுகிறேன். அம்மா, நீ தாமதம் செய்யவில்லை. கல் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. அதில் கோடுகள் தெரிந்தது நான் ஊற்றிய சுடுதண்ணீரால்தான். அது தெரிந்தும் அப்பா உனக்காகத் தலையாட்டினாரா, வேறெதுவும் முடியாமல் ஆட்டினாரா என்று மட்டும் என்னைக் கேட்காதே.