இலவச வரிசையில் ஒரு ரேஸ் கார்

ஜாக்கெட் தைக்கிறவளுக்கு ஒரு உடம்பின் அளவு போதும். ரேஸ் காருக்கு சீட் தைக்கிறவள் ஒரே சீட்டில் இரண்டு உடம்பைப் பொருத்த வேண்டும். அளவு கொடுக்க ஒருத்தர், போட்டுப் பார்க்க இன்னொருத்தர், பழி மட்டும் நமக்கு என்று மாட்டிக்கொண்டு முழிக்கிற தையல்காரர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மருங்காபுரிப் பக்கம் கிராமத்துப் பள்ளியில் பிளஸ் டூ வரைக்கும் படித்தவள். கல்யாணமாகித் திருச்சிக்கு வந்து, மகள் யாழினி பால்வாடிக்குப் போக ஆரம்பித்ததும், பாலக்கரையில் பாஸ்கர் அண்ணன் ஒர்க்‌ஷாப்பில் சீட் உறை தைக்கச் சேர்ந்தேன். அண்ணனுக்கு டாக்ஸி ரிப்பேர் பிழைப்பு, ரேஸ் பைத்தியம். பழைய சின்னக் கார் ஒன்றை ரேஸுக்கென்றே மாற்றி வைத்திருக்கிறார். சென்னைக்குப் பக்கத்தில் நடக்கிற நாலு மணி நேர ரேஸில் இரண்டு தடவை அதை ஓட்டி, இரண்டு தடவையும் பாதியில் கயிறு கட்டி இழுத்து வந்தாகிவிட்டது. இந்தத் தடவையும் கடைசிக் கொடியைத் தாண்டவில்லை என்றால் காரை விற்றுவிடுவதாக அண்ணன், அண்ணியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். அண்ணி அதற்குச் சாட்சியாக என்னையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

அப்பளமான மெத்தை

ஓட்டுவது இரண்டு பேர். ஒருத்தரே நாலு மணி நேரமும் ஓட்டக்கூடாது, நடுநடுவே ஆள் மாற வேண்டும் என்பது விதி. ரஹீம் எங்கள் ஷாப் வாசலில் குனிந்து நுழைகிற உயரம். வைதேகி ஸ்ரீரங்கத்துப் பெண், என் தோளுக்குத்தான் வருவாள். சீட்டை ரஹீமுக்கு அளவாகப் பூட்டிவிட்டோம். வைதேகி ஏறும்போது அடியிலும் முதுகிலும் ஒரு மெத்தையைச் செருக வேண்டும், ரஹீம் ஏறும்போது அதை உருவ வேண்டும். அந்த மெத்தைதான் என் பொறுப்பு.

முதல் மெத்தைக்கு ஊரிலிருந்து வந்த இலவம்பஞ்சை அடைத்தேன். தலையணைக்கு அதைவிட நல்லது ஏது என்று ஒரு எண்ணம். உட்கார்ந்து பார்த்தபோது வைதேகி பல்லக்கில் ஏறினது மாதிரி ஜம்மென்று இருந்தாள். ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டுத் திரும்பி வரும்போது வெளியிலிருந்து ஹெல்மெட்டின் உச்சி மட்டும்தான் தெரிந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் பஞ்சு அழுந்தி அப்பளமாகிக் கிடக்கிறது. அவள் இறங்கிக்கொண்டே சொன்னாள்: "போகும்போது ஸ்டீயரிங்குக்கு மேலே பார்த்து ஓட்டினேன்க்கா, வரும்போது அதோட ஓட்டை வழியா பார்த்து ஓட்டினேன்."

மாமாவின் சந்தேகம்

அதற்கப்புறம் கெட்டியான ஃபோம் வாங்கி, தீப்பிடிக்காத துணி போட்டு, ஸ்கூல் பை வாரில் கைப்பிடி வைத்துத் தைத்தேன். அந்தக் கைப்பிடியைத் தைத்துக்கொண்டிருந்த அன்றைக்குத்தான் வைதேகியின் அப்பா, நாங்கள் மாமா என்று கூப்பிடுகிறவர், வந்தார். நெற்றியில் திருமண், கையில் மடித்த குடை. மகள் எதில் உட்காரப் போகிறாள் என்று பார்க்க வந்திருந்தார்.

எல்லாக் காரும் ஒன்றாகக் கிளம்பும், ஆனால் பெரிய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு ஒரு பிரிவு, நடுத்தரத்துக்கு ஒன்று, எங்களைப் போல சின்னதுக்கு ஒன்று, அந்தந்தப் பிரிவுக்குள்தான் போட்டி என்று பாஸ்கர் அண்ணன் அவருக்கு விளக்கினார். மாமாவுக்குப் பிடிபடவில்லை. ஜெயிக்கிற கார் கூடவே ஓடி, ஜெயிக்கவே முடியாத கார் எதற்கு என்று கேட்டார். நான் ஊசியை வைத்துவிட்டு, உங்கள் கோயிலிலேயே சிறப்புக் கட்டண வரிசை, கட்டண வரிசை, இலவச வரிசை என்று போகிறதே மாமா, வேகம் வேற வேற, போய்ச் சேருகிற சன்னதி ஒன்றுதானே என்றேன். அவருக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. புரிந்ததும் முகம் சுருங்கிவிட்டது. "அப்போ என் பொண்ணு இலவச வரிசையா?" என்றார்.

களத்தில் ஒத்திகை

ஆள் மாறுகிற நேரத்தில்தான் ரேஸே போய்விடும். ஒத்திகை பார்க்க ஒர்க்‌ஷாப்பில் இடம் போதாது. அண்ணனுக்குத் தெரிந்த மண்ணச்சநல்லூர் அரிசி மில்லில் நெல் காயப்போடுகிற சிமெண்ட் களம் ஒரு வாரம் காலியாக இருந்தது. அங்கே சாக்பீஸால் கோடு போட்டு, அதில் காரைக் கொண்டுவந்து நிறுத்துவோம். ரஹீம் இறங்க வேண்டும், நான் மெத்தையோடு உள்ளே பாய வேண்டும், வைதேகி ஏற வேண்டும், தோள் பெல்ட், இடுப்பு பெல்ட், கால் நடுவில் வருகிற பெல்ட் எல்லாவற்றையும் ஒரே பூட்டில் மாட்ட வேண்டும். பாஸ்கர் அண்ணன் செல்போனில் நேரம் பார்ப்பார். ஒரு ஆள் டயர் பக்கம் நிற்பார்.

முதல் நாள் நான் வைதேகியின் பெல்டோடு என் துப்பட்டாவையும் சேர்த்துப் பூட்டிவிட்டேன். அவள் கிளம்பினால் நானும் கிளம்பியிருப்பேன். மறுநாளிலிருந்து துப்பட்டாவுக்கு லீவு, அண்ணனின் பழைய காக்கிச் சட்டை. மில்லில் தவிடு அள்ளுகிற அக்காக்கள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். ஒரு தடவை நன்றாக அமைந்து, நாங்கள் பெருமையாக நிமிர்ந்து நின்றோம். அதில் ஒரு அக்கா ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே கேட்டார்: "ஒரு ஆளை எறக்கி ஒரு ஆளை ஏத்த மூணு பேரா? எங்க மினி பஸ்ல ஒத்தக் கண்டக்டர் ஒரு ஊரையே ஏத்துறாரே."

திருஷ்டிக் கயிறு

ரேஸுக்கு முந்தின நாள், காரை அக்குவேறு ஆணிவேறாகச் சோதிப்பார்கள். ஏதாவது ஆடினால், தொங்கினால் அனுப்ப மாட்டார்கள். என் மெத்தையை அந்த அதிகாரி இழுத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், தையலை நகத்தால் நெம்பிப் பார்த்தார். எனக்குப் பத்தாம் வகுப்பு கணக்குப் பரீட்சை ஞாபகம் வந்துவிட்டது. மெத்தை பாஸ். நான் மூச்சு விடுவதற்குள் அவர் குனிந்து முன் பம்பருக்கு அடியில் கையை விட்டார்.

எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோர்த்த கயிறு வெளியே வந்தது. பாஸ்கர் அண்ணன் எந்தக் காரையும் அது இல்லாமல் ஒர்க்‌ஷாப்பை விட்டு வெளியே விட மாட்டார்; கைப்பழக்கத்தில் இதிலும் கட்டிவிட்டார். இரண்டு தடவை பாதியில் நின்ற கார் சார், அதனால்தான் என்று அண்ணன் இழுத்தார். அதிகாரி கோபப்படவில்லை. கயிற்றை அவிழ்த்து அண்ணன் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "வேகத்துல இது அறுந்து விழுந்தா, உங்க திருஷ்டி பின்னாடி வர்றவருக்குப் போயிடும்ங்க."

வழிவிடுகிற வேலை

கயிறு எங்கள் டூல்ஸ் பெட்டியில் தொங்க, ரேஸ் ஆரம்பித்தது. பெரிய பிரிவுக் கார்கள் எங்கள் காரை ஒரு சுற்று முந்தி, மறுபடி முந்தி, எத்தனை தடவை என்று நான் எண்ணுவதையே விட்டுவிட்டேன். அவை நெருங்கும்போதெல்லாம் ஓரத்தில் நீலக் கொடி காட்டுவார்கள். பார்த்ததும் ஒதுங்க வேண்டும். ஒதுங்குகிறதிலும் வேகம் குறையக்கூடாது, ஏனென்றால் எங்கள் பிரிவுக் கார் ஒன்று பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வரும். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்கூட்டியில் பிள்ளையை வைத்துக்கொண்டு போகிற அம்மாக்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பக்கத்து ஷெட் கோயம்புத்தூர்க்காரர்களுடையது. அவர்கள் கார்தான் மொத்தத்தில் முதலில் ஓடிக்கொண்டிருந்தது. நான் கொண்டுபோன மணப்பாறை முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்ததும் அவர்கள் மெக்கானிக் ஒருத்தர் தற்செயலாக வருவது போல வந்தார். பிறகு தற்செயலாகவே நாலைந்து தடவை வந்தார். நடுவில் ரஹீம் இறங்கி வைதேகி ஏறினாள். மெத்தை ஒரே செருகில் உட்கார்ந்தது. எப்படி இருக்கிறது ரேஸ் என்று ரஹீமைக் கேட்டேன். தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு சொன்னான்: "முன் கண்ணாடியை விட பின்னாடி பார்க்கிற கண்ணாடியைத்தான்க்கா அதிகம் பார்த்தேன், எவன் எப்ப வருவான்னு."

கடைசிச் சுற்று

ரஹீம் மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தபோது, முடிய அரை மணி நேரம் இருக்கையில், காரைத் திருப்பி எங்களிடம் கொண்டுவந்துவிட்டான். முன்னால் புகை மாதிரி ஆவி. தண்ணீர்க் குழாயில் விரிசல். அண்ணன் டேப் சுற்றி, தண்ணீர் ஊற்றி, நிமிர்ந்து பார்த்தார். மெதுவாக ஓட்டினால் ஒரு சுற்று தாங்கும், அதற்கு மேல் என்ஜின் போய்விடும் என்றார். முதல் கார் கொடி வாங்கின பிறகு நாமும் சொந்தக் காலில் கோட்டைத் தாண்டினால்தான் முடித்த கணக்கு. சீக்கிரம் கிளம்பினால் இரண்டு சுற்று ஓட வேண்டியிருக்கும். முதல் கார் கொடி வாங்கும் வரை தாமதித்தால் வெளியே விடுகிற வழியை அடைத்துவிடுவார்கள். அண்ணன் காரை அப்படியே நிறுத்திவைத்தார். மற்ற கார்கள் ஓட, நம் கார் மட்டும் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது இருக்கிறதே, பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் மழையில் நிற்கவைத்தது மாதிரி இருந்தது.

மெதுவாகப் போக வேண்டும் என்றதும் ரஹீமே இறங்கிவிட்டான். தன் கால் சும்மா இருக்காது என்று அவனுக்கே தெரியும். நான் மெத்தையைச் செருகினேன். வைதேகிக்குப் பெல்ட் மாட்டும்போது பூட்டை இரண்டு தடவை தவறவிட்டேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். அண்ணன் மணியைப் பார்க்கிறார், ரோட்டைப் பார்க்கிறார், டூல்ஸ் பெட்டியில் தொங்குகிற எலுமிச்சம்பழத்தைப் பார்க்கிறார். அப்போது பக்கத்து ஷெட்டிலிருந்து முறுக்கு மெக்கானிக் ஓடிவந்தார். காதில் மாட்டின ரேடியோவைப் பிடித்துக்கொண்டு, எங்க கார் கடைசிச் சுற்றுக்கு வந்தாச்சு, அது இந்த இடத்தைத் தாண்டினதும் விடுங்க என்றார். சர்ரென்று அது தாண்டியது. அண்ணன் காரின் கூரையில் தட்டினார்.

ஜெயித்த கார் வந்து, கைதட்டி, பாட்டில் உடைத்து, மற்றவையும் வந்து சேர்ந்தன. ரோடு காலியாகிவிட்டது. கொடிக்காரர் மட்டும் கொடியைச் சுருட்டாமல் நின்றார். அப்புறம் தூரத்து வளைவில் ஆவியை விட்டுக்கொண்டு, கல்யாண ஊர்வலம் மாதிரி, எங்கள் கார் வந்தது. கோட்டைத் தாண்டிப் பத்தடி போய் நின்றது. அதற்கு மேல் அதை யாரும் கேட்கவும் இல்லை. எங்கள் பிரிவில் ஓடி முடித்தவர்களில் மூன்றாவது, மொத்தத்தில் கடைசி. பாஸ்கர் அண்ணன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணிக்குப் போன் போட்டார், அண்ணி எடுத்ததும் போனை என்னிடம் கொடுத்துவிட்டார்.

நான் பேசி முடிப்பதற்குள் என் போனில் ஸ்ரீரங்கத்திலிருந்து மாமா. எத்தனையாவது என்று கேட்டார். கடைசி என்று எப்படிச் சொல்வது என்று தயங்கி, பிரிவு, மூன்றாவது, முடித்துவிட்டோம் என்று சுற்றி வளைத்தேன். மாமா நிதானமாகச் சொன்னார்: "இலவச வரிசையில கடைசி ஆளும் சேவிச்சாச்சோன்னோ, இனிமே திரை போடட்டும்."

இப்படியாக, இரண்டு பேருக்கு ஒரு சீட் தைக்கிறவள் என்று பேரெடுத்ததன் பலன், விற்காமல் நிற்கிற அந்தக் காரில் வாரத்துக்கு ஒரு தடவை குடையோடு வந்து உட்கார்ந்து பார்க்கிற மாமாவுக்காக இப்போது மூன்றாவது மெத்தை தைத்துக்கொண்டிருக்கிறேன்.