பெரியவருக்கு ஒரு ஆப்பிள்

அந்தத் தெருவில் அவருக்குப் பெயர் கரடிக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. மிருகக்காட்சி சாலையில் கரடிக் கூண்டைப் பார்த்துக்கொள்கிறவர். நாலாம் வகுப்போடு படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு, கிடைத்த வேலையெல்லாம் செய்து, இருபத்தொரு வயதில் அங்கே சருகு கூட்டச் சேர்ந்தார். அடுத்த வருஷம் ஒரு சர்க்கஸ் நொடித்துக் கலைந்தபோது, மூக்கில் ஆறாத புண்ணோடு ஒரு கரடிக் குட்டி வந்து சேர்ந்தது. யார் கிட்டே போனாலும் மூலையில் சுருண்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொள்ளும். துடைப்பத்தோடு வெளியே நின்ற இவரைப் பார்த்து மட்டும் ஏனோ ஒரு கையை எடுத்தது. இனி நீயே பார்த்துக்கொள் என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

இருபத்தாறு வருஷம் ஓடிப் போயிற்று. குட்டி கிழமாகி, மோவாய் நரைத்து, அங்கே வேலை செய்கிற எல்லாருக்கும் 'பெரியவர்' ஆகிவிட்டது. பெரியவர் சாப்பிட்டாச்சா, பெரியவர் ஏன் இன்னிக்கு உம்மென்று இருக்கார் என்று மரியாதையாகத்தான் கேட்பார்கள். கேலியாக ஆரம்பித்ததுதான். நாளடைவில் யாருக்கும் வேறு மாதிரி சொல்ல வாய் வரவில்லை.

கூண்டைத் திறப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தார் கரடிக்காரர். காலையில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, வாயில்லா ஜீவன்களை நல்லபடியாக வை ஆண்டவா என்று கண்ணை மூடி ஒரு நிமிஷம் நிற்பார். பிறகு சாவியால் கம்பியில் மூன்று தட்டு. அதைக் கேட்டதும் பெரியவர் தானாக எழுந்து, ஆடி அசைந்து உள்ளறைக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். நடுக்கதவை இறக்கிவிட்டு இவர் கூண்டுக்குள் போய்க் கழுவிப் பெருக்கி, பழத்தையும் ரொட்டியையும் வைத்துவிட்டு வெளியே வந்து கதவைத் தூக்குவார். இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாளும் தட்டாமல் திறந்ததில்லை. சொல்லாமல் கொள்ளாமல் அடுத்தவர் வீட்டுக்குள் நுழையலாமா என்பார்.

கல்யாணமே முப்பத்தொன்பதில்தான் நடந்தது. நாலு வருஷம் கும்பிடாத நாளில்லாமல் கும்பிட்டு ஒரு பெண் பிறந்தாள். கைக்குள் அடங்குகிற மாதிரி இருந்ததால் சிட்டு என்று கூப்பிட்டார்கள். பேச்சு வந்த நாள் முதல் சிட்டுவுக்குச் சாயங்காலம் ஒரே கேள்விதான்: பெரியவர் இன்னிக்கு என்ன சாப்பிட்டார்? பதில் முழுசாக வந்தால்தான் தன் தட்டில் கை வைப்பாள். வீட்டு வாசலிலும் அவர் சாவியால் மூன்று தட்டு தட்ட வேண்டும். உள்ளே சிட்டு ஓடிப்போய்ச் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டு உறுமுவாள். "பெரியவர் உள்ள போயாச்சா?" என்று இவர் கேட்பார். "போயாச்சு" என்று பதில் வந்த பிறகுதான் கதவு திறக்கும். அவர் மனைவி தையல் கம்பெனியில் நாள் முழுக்கக் காலர் தைத்துவிட்டு வந்து அடுப்படியில் நிற்பவள். ஒரு வீட்டில் ரெண்டு கரடியை வைத்துக்கொண்டு நான் படுகிற பாடு என்று அலுத்துக்கொள்வாள். அந்தச் சத்தம் கேட்காத நாளில் அவளுக்கும் சோறு இறங்காது.

அந்த வீட்டில் ஒரு பொய் இருந்தது. வாசலில், கதவுக்குப் பக்கத்தில், பழுப்பு நிறத்தில் ஒரு ஜோடி செருப்பாக அது இருந்தது. மனைவியின் அப்பாவுடைய செருப்பு. போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவரை வெறுங்காலோடு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். அவர் திரும்பி வரவில்லை. தாத்தா எங்கே என்று சிட்டு கேட்டபோது யாருக்கும் தைரியம் வரவில்லை. வெளியூர் போயிருக்கார், சீக்கிரம் வந்துடுவார் என்று சொன்னது கரடிக்காரர்தான். அவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்துவிட்டது.

சிட்டு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தாத்தா செருப்புப் போடாமல் போய்விட்டார், வரும்போது கால் சுடும் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பழைய துணியால் அந்தச் செருப்பைத் துடைத்து வாசலைப் பார்த்து வைப்பாள். போன் அடித்தால் தாத்தாவா என்பாள். அதைப் பார்க்கிறபோதெல்லாம் கரடிக்காரருக்கு நெஞ்சில் முள் தைத்த மாதிரி இருக்கும். இனி இந்தக் குழந்தையிடம் பொய் சொல்ல மாட்டேன் என்று கடவுளிடம் மனசார நேர்ந்துகொண்டார். சொன்ன பொய்யைத் திரும்ப எடுக்க மட்டும் அவருக்கு வழி தெரியவில்லை.

சிட்டுவுக்கு ஐந்து வயது நிறைகிற நாள் வந்தது. மிருகப் பிறந்தநாள்தான் வேண்டும் என்று ஒரு மாதமாகவே உத்தரவு போட்டிருந்தாள். பழைய கம்பளியை வெட்டி அம்மா அவளுக்கு ஒரு கரடி உடுப்பு தைத்தாள். தலைக்கு மேல் இரண்டு காது, பின்னால் ஒரு குட்டி வால். மற்றவர்களுக்கு அட்டையில் முகமூடி. அம்மாவுக்கு ஒட்டகச்சிவிங்கி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் முயலும் குரங்கும், பஸ் கண்டக்டரான தாய்மாமனுக்குச் சிங்கம். அப்பாவுக்கு மட்டும் முகமூடி கிடையாது. அப்பா சாவிக்காரர், அவர் அப்பாவாகவே வந்தால் போதும்.

காலையில் அவர் கிளம்பும்போது சிட்டு ஒரு ஆப்பிளை ஒரு கடி கடித்துவிட்டு அவர் கையில் கொடுத்தாள். வருஷா வருஷம் நடக்கிறதுதான். ஒரு கடி அவளுக்கு, மீதி பெரியவருக்கு. வெளிச் சாப்பாடு கூடாது என்று சட்டம் பேசுகிற மிருக டாக்டர்கூட, வருஷத்தில் ஒரு நாள்தானே, போகட்டும் என்று விட்டிருந்தார்.

"எனக்கு அஞ்சு வயசுன்னு அவர்கிட்ட சொல்லிடுப்பா. என்ன சொன்னார்னு வந்து சொல்லணும்."

"சொல்றேன் கண்ணு."

கூண்டின் முன்னால் நின்று கும்பிட்டார். மூன்று தட்டு தட்டினார். கூண்டில் பெரியவரைக் காணோம், உள்ளேயும் அசைவு இல்லை. ராத்திரி குளிராக இருந்ததால் உள்ளறையிலேயே படுத்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். இன்னும் மூன்று தட்டினார். காது மந்தமாகிவிட்டது என்று டாக்டர் போன மாதம் சொன்னது ஞாபகம் வந்து, பலமாக இன்னும் மூன்று. பக்கத்துக் கூண்டில் குரங்குகள் எல்லாம் விழித்துக்கொண்டு கத்தின. உள்ளறைப் பக்கம் போய்ச் சன்னல் கம்பி வழியாகப் பார்த்தார். பெரியவர் நடுக்கதவைப் பார்த்தபடி ஒருக்களித்துப் படுத்திருந்தார். வந்த முதல் நாள் இவரைப் பார்த்தபோது இருந்த அதே மாதிரி, ஒரு கை முகத்தின் மேல் இருந்தது.

டாக்டர் வந்து உள்ளே போய்க் குனிந்து பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "போயிட்டார். தூக்கத்துலயே போயிருக்கார், கஷ்டமில்ல" என்றார். வயசு ஆயிற்று, கரடிக்கு இது நிறைந்த வயசு என்றெல்லாம் பிறகு சொன்னார். கரடிக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஈரத்துணியால் பெரியவரின் முகத்தைத் துடைத்து, மூக்கின் பழைய தழும்பு வரை சுத்தம் செய்தார். எல்லைச் சுவர் ஓரம் குழி தோண்டுகிறபோது கடப்பாரையை யாரிடமும் கொடுக்கவில்லை. கூண்டை ஒருமுறை கழுவிவிட்டார். அதில் கழுவ ஒன்றும் இல்லை. வீட்டில் விசேஷம் வைத்திருக்கிறீர்கள், போங்கள் என்று டாக்டர் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினார். இரண்டு தரம் குளித்துவிட்டு, ஆப்பிளைத் தூக்கிப் போட மனசு வராமல் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

நாலு மணிக்கு வாசலில் வந்து நின்றார். கையில் சாவி இருந்தது. கை எழும்பவில்லை. உள்ளே பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மனைவி எதற்கோ வெளியே வந்தவள், ஒட்டகச்சிவிங்கி முகமூடியை நெற்றிக்கு மேல் தள்ளிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

"எப்ப?" என்றாள்.

"காலையிலதான் பார்த்தேன்."

அவள் கண் கலங்கினாலும் குரலைத் தணித்துக்கொண்டாள். "இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கங்க. பிள்ளை ஒரு மாசமா ஆசையா இருக்கா. நாளைக்குச் சொல்லிக்கலாம்."

"நாளைக்கு நாளைக்குன்னுதான் உங்கப்பா செருப்பு இங்கயே கிடக்கு" என்றார் அவர். அவள் செருப்பைப் பார்த்தாள். "அவளா கேட்டா என்னால பொய் சொல்ல முடியாது" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

சிங்க முகமூடியோடு மச்சினன் எதிரே வந்தார். பஸ்ஸில் வருகிற கூட்டத்துக்கு உங்க கூண்டு எவ்வளவோ தேவலாம் மச்சான், அங்கே அதுகளுக்குக் காலை நீட்டவாவது இடம் இருக்கு என்று ஆரம்பித்தார். மேஜைக்கு அடியிலிருந்து அதட்டல் கேட்டது.

"அப்பா, நீ தட்டவே இல்ல. வெளிய போய்த் தட்டிட்டு வா."

அவர் திரும்ப வெளியே போனார். கதவில் மூன்று தட்டு தட்டினார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. விளையாட்டுக்குத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள் என்று தெரியும். தெரிந்தும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகே உறுமல் வந்தது.

"பெரியவர் உள்ள..." என்று தொடங்கினார். மேலே வரவில்லை. சிட்டு அவர் கேட்டு முடிக்காததைக் கவனிக்கவில்லை. கரடி உடுப்போடு நாலு காலில் ஓடி வந்து, வழக்கம்போலப் பையைப் பிடுங்கித் திறந்தாள். காலிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஆப்பிள் இருந்தது. அவள் கடித்த இடம் பழுப்பாகக் காய்ந்திருந்தது.

"பெரியவர் சாப்பிடலையா? கோவமா?"

மனைவி பின்னாலிருந்து அவர் தோளைத் தொட்டாள். கொடுக்க மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம், எத்தனையோ சொல்லியிருக்கலாம். அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"பெரியவர் செத்துப் போயிட்டார் கண்ணு."

சிட்டு ஆப்பிளைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "நீ தட்டினியா?"

"தட்டினேன்."

"மூணு தட்டா?"

"மூணு தடவை மூணு மூணா தட்டினேன். அவர் எழுந்திருக்கல. இனிமே எழுந்திருக்க மாட்டார். ரொம்ப வயசாயிடுச்சு, தூக்கத்துல போயிட்டார். அப்பாதான் முகத்தைத் துடைச்சு, மண்ணுக்குள்ள படுக்க வெச்சிட்டு வந்தேன்."

"நாளைக்கு வருவாரா?"

"வர மாட்டார் கண்ணு. செத்துப் போனவங்க யாரும் திரும்பி வர மாட்டாங்க."

முயலும் குரங்கும் வாயைப் பிளந்து நின்றன. சிட்டு கொஞ்ச நேரம் தன் கம்பளிக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழுவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் வேறு ஒன்றைக் கேட்டாள்.

"தாத்தாவும் ஒரு வருஷமா வரல. தாத்தாவும் செத்துட்டாரா?"

கரடிக்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். செத்தவர் அவளுடைய அப்பா. அவள்தான் சொல்ல வேண்டும் என்று இல்லை, ஆனால் அவள் தலையசைக்காமல் சொல்ல அவருக்கு மனசு ஒப்பவில்லை. அவள் முகமூடியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு, தலையை ஒரே ஒரு தரம் அசைத்தாள்.

"ஆமா கண்ணு. தாத்தாவும் செத்துட்டார். அன்னிக்கு அப்பா உங்கிட்ட பொய் சொல்லிட்டேன். சொல்லப் பயமா இருந்துச்சு. அப்பா செஞ்சது தப்பு."

சிட்டு எழுந்தாள். நாலு காலில் போகவில்லை, நடந்துதான் போனாள். வாசலிலிருந்த செருப்பு இரண்டையும் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு வந்து, மேஜைக்கு அடியில் புகுந்தாள். விரிப்பு கீழே விழுந்து மறைத்துக்கொண்டது. மச்சினன் சிங்க முகமூடியைக் கழற்றாமலே சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். அட்டைக்குக் கீழே கன்னம் நனைவது எல்லாருக்கும் தெரிந்தது. அவருக்கும் அப்பாதானே. அம்மா கூப்பிட்டுப் பார்த்தாள். கேக் வெட்டலாம் வா என்று பிள்ளைகள் கூப்பிட்டார்கள். விரிப்பு அசையவில்லை.

கரடிக்காரர் முட்டி போட்டு மேஜைப் பக்கம் நகர்ந்தார். அந்த நிமிஷம் அவருக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை. சாவியால் மேஜைக் காலில் மூன்று தட்டு தட்டினார். பதில் இல்லை. ஆண்டவா என்று கண்ணை மூடிக்கொண்டு இன்னும் மூன்று தட்டினார்.

விரிப்புக்கு அடியிலிருந்து முதலில் ஒரு செருப்பு வந்தது. பிறகு இன்னொன்று. இரண்டும் ஜோடியாக, வீட்டுக்குள் பார்த்த மாதிரி வைக்கப்பட்டன.

"இதை உள்ள எடுத்து வெச்சிடும்மா" என்றது குரல். "மழையில நனையும்."

அம்மா செருப்பை எடுத்து, தூசியே இல்லாத அதன் மேல்பக்கத்தைக் கையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். இத்தனை நாள் பிள்ளைக்குத் தெரியக் கூடாது என்று அடுப்படியிலும் குளியலறையிலும் அழுதவள், அன்றைக்குத்தான் எல்லார் நடுவிலும் உட்கார்ந்து, அப்பா அப்பா என்று வாய்விட்டு அழுதாள். சிட்டு வெளியே வந்து அம்மா மடியில் ஏறிக்கொண்டாள். கரடிக் காது நழுவிக் கழுத்தில் தொங்கியது. ரொம்ப நேரம் கழித்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் காத்திருக்கிறார்களே என்று அவளாகவே சொன்ன பிறகு கேக்கை வெட்டினார்கள். யாரும் பாடவில்லை.

வழக்கம்போல முதல் துண்டை அப்பாவுக்கு ஊட்டிவிட்டு, சிட்டு கேட்டாள்: "பெரியவர் நேத்து என்ன சாப்பிட்டார்?"

அவர் வாயிலிருந்ததை விழுங்கினார். ரெண்டு வாழைப்பழம், அரை ரொட்டி, கொஞ்சம் தேன் என்று ஒன்று விடாமல் சொன்னார். ரொட்டியில் பாதியை மிச்சம் வைத்துவிட்டார் என்பதையும் சொன்னார். அவள் முழுசாகக் கேட்டுக்கொண்ட பிறகுதான் தன் தட்டில் கை வைத்தாள்.