கம்பிவலைக்கு வெளியே கேட்ட பாட்டு

சாம்பல் புதன் வந்துவிட்டால், கண்மாய்க்கு அங்கிட்டு இருக்கும் சின்ன மாதா கோவிலில் டிரம் சத்தம் நின்றுபோகும். தபசு காலம் முழுக்க, ஈஸ்டர் வரைக்கும், அங்கே கொட்டு முழக்கம் கிடையாது. வெறும் வாயால் பாடுவார்கள். ஊருக்கெல்லாம் அது அமைதி. செவந்திக்கு மட்டும் அந்த அமைதி வந்ததும் காது எதையோ தேட ஆரம்பித்துவிடும்.

அவள் வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மனுக்கு விளக்குப் போடுகிறவள். தபசுக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், அவள் அப்பா சிவசாமியின் கோழிக்கொட்டகையிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

கோழிகளுக்குச் சீக்கு வந்து கொட்டகை காலியாகக் கிடந்த சமயம் அது. ஆவூர்ப் பக்கத்துப் பையன்கள் மூன்று பேர் வந்து நின்றார்கள். ஜஸ்டின் கிடார் வாசிப்பான், பாடுவான். கோபிநாத் தடித்த கம்பி போட்ட இன்னொரு கிடார். வசந்தகுமார் டிரம். கோவில் டிரம் தபசில் சும்மா கிடக்கிறதே என்று உபதேசியாரிடம் கெஞ்சிச் சாவி வாங்கியிருந்தார்கள். ஈஸ்டருக்கு முன்னால் துடைத்துக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும் என்பது அவர் போட்ட கட்டளை.

"வாடகையெல்லாம் தர முடியாதுங்கய்யா" என்றான் ஜஸ்டின்.

"கோழி கத்துன எடந்தானப்பா. மூணு சேவ வந்து கத்திட்டுப் போனா குடியா முழுகிப் போகும்?" என்றார் சிவசாமி.

மூன்று பேர் என்பதால் தங்கள் குழுவுக்கு 'மும்முனை' என்று பேர் வைத்தார்கள். மும்முனைக் கரண்ட் வந்தால்தானே தோட்டத்து மோட்டார் ஓடும். ஜஸ்டினுடைய சித்தி மகன் பெங்களூரில் படித்தவன். அவன் கொடுத்த சிடியில் வெள்ளைக்காரப் பையன்கள் தொண்டை கிழியக் கத்தியதைக் கேட்டு, "இது பங்க் பாட்டு, இதை நம்ம ஊரை வச்சுக் கத்தலாம்" என்று ஜஸ்டின் கிளம்பியிருந்தான். சினிமாப் பாட்டு ஒன்றுகூடப் பாட மாட்டார்கள். ரேஷன் பாமாயில், கொசு, கரண்ட் கட்டு, எல்லாவற்றுக்கும் சொந்தப் பாட்டு. யாராவது சினிமாப் பாட்டுக் கேட்டால் வசந்தகுமார் குச்சியை நீட்டி, "அந்தா ரேடியோ செட்டுக்காரரு வீடு, அங்கிட்டுப் போ" என்பான்.

குளத்தூர், கீரனூர்ப் பையன்களெல்லாம் ஒரே பைக்கில் மூன்று பேராக வந்து இறங்குவார்கள். கை தட்ட மாட்டார்கள். கொட்டகையில் கிடந்த தீவனத் தட்டுகளை ஆளுக்கொன்றாக எடுத்து, குச்சியாலோ கல்லாலோ தட்டுவார்கள். அதுதான் அங்கே வழக்கம்.

செவந்தி உள்ளே போனதில்லை. பொம்பளைப் பிள்ளை போகிற இடமாக அது இல்லை. கம்பிவலைக்கு வெளியே, வேப்ப மர நிழலில் முறத்தை வைத்து விதைக்கடலை உடைத்துக்கொண்டு இருப்பாள். ஒரு நாள் தண்ணீர் குடிக்க வெளியே வந்த ஜஸ்டின், "என்னக்கா, காது வலிக்குதா?" என்றான்.

"வலிச்சா எந்திரிச்சுப் போக மாட்டனா தம்பி?"

அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். அவ்வளவுதான் அவர்கள் பேசியது.

எல்லாப் பாட்டிலும் அவளுக்கு உயிர் பஸ் பாட்டுதான்.

கையக் காட்டுனா நிக்க மாட்ட
சேத்துக் காலுன்னா ஏத்த மாட்ட
தாண்டிப் போயி நிக்கிற பஸ்ஸே
ஓடி வாரோம், ஓடி வாரோம்...

டவுன் பஸ் அப்படித்தான் நிற்கும். தயிர் வாளியைத் தூக்கிக்கொண்டு அவளும் எத்தனை நாள் ஓடியிருக்கிறாள். தன்னுடைய மூச்சிரைப்பை ஒருவன் பாட்டாகக் கத்துகிறானே என்று முதல் தடவை கேட்டபோது, கையிலிருந்த கடலையை உடைக்க மறந்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால் வரும் குருத்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமைதான் வருசத்தின் கடைசி ஆட்டம். அன்றைக்குக் கடைசியாகப் புதுப் பாட்டு ஒன்றை எடுத்து, அதன் கடைசி அடி பாடாமல் அப்படியே நிறுத்திவிடுவார்கள். "மிச்சம்?" என்று ஜஸ்டின் கேட்பான். "அடுத்த தபசுக்கு!" என்று எல்லாரும் கத்துவார்கள். அடுத்த வருசம் முதல் நாள் அந்த மிச்ச அடியில்தான் தொடங்குவார்கள். அது அவர்களுக்குள் ஒரு நேர்த்திக்கடன் மாதிரி.

நான்காவது தபசில் அப்படிப் புதுசாக எடுத்து நிறுத்தியதுதான் பஸ் பாட்டு. ஓடி வாரோம், ஓடி வாரோம். அதோடு சரி. ஐந்தாவது தபசு அந்தக் கொட்டகைக்கு வரவில்லை. ஜஸ்டின் சிங்கப்பூருக்குக் கப்பல் பட்டறை வேலைக்குப் போனான். கோபிநாத் திருப்பூரோடு போனான். வசந்தகுமார் விராலிமலையில் வெல்டிங் பட்டறை போட்டான். செவந்திக்கும் அந்த ஆவணியில் கல்யாணம் ஆனது. ஒரே மகள் என்பதால் புருசன் ஐயனார் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தார்.

பதினைந்து வருசமாகிவிட்டது. பஸ்ஸைப் பார்க்கும்போதெல்லாம் ஓடினவர்கள் ஏறினார்களா, இல்லையா என்று அவள் மனசு கேட்கும். மகள் ஹரிணியிடம் சொல்லிப் போனில் தேட வைத்தாள். எங்கோ ஒரு பழைய பதிவு அகப்பட்டது. அதில் தட்டுச் சத்தம்தான் இருந்தது, பாட்டு இல்லை.

"இது என்னம்மா, பாத்திரக் கடை இடிஞ்சு விழுற மாதிரி இருக்கு?" என்றாள் ஹரிணி.

"ஆமா, அந்தக் கடைதான். இன்னொருக்கா போடு."

இந்தத் தபசில் ஜஸ்டின் ஊருக்கு வருவதாக ஐயனார்தான் சேதி கொண்டுவந்தார். இறந்துபோன அவன் அம்மாவுக்கு வருசப் பூசை. பழைய பையன்கள் சனிக்கிழமை மத்தியானம் கொட்டகையில் கூடப் போகிறார்களாம், மாமனார் சிவசாமியிடம் கேட்டுவிட்டார்களாம்.

செவந்தி எழுந்து தொழுவத்துக்குப் போனாள். ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டுகிற பழைய தீவனத் தட்டுகளை எடுத்து, சாம்பல் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்தாள்.

"ஏத்தா, இவ்வளவு பளபளப்பா நம்ம கல்யாணத்துக்குக்கூட வெளக்கலையே" என்றார் ஐயனார்.

"அன்னைக்கு நீங்க பாட்டா பாடுனீங்க?"

சனிக்கிழமை வந்தார்கள். கஜா புயலில் கூரை பாதி போன கொட்டகையில், தொப்பையும் வழுக்கையுமாக ஒரு பத்துப் பதினைந்து பேர். கோபிநாத்துக்கு லீவு கிடைக்கவில்லை. கோவிலில் இப்போது டிரம் இல்லை, ரிதம் பேட்தான், அதையும் யாரும் கேட்கவில்லை. ஜஸ்டின் வெறுங்கையோடு நின்றான். தலை நரைத்திருந்தது.

"பட்டறைச் சத்தத்துல கத்திக் கத்தி தொண்டை போச்சுடா" என்றான்.

"முன்னாடி மட்டும் இருந்துச்சாக்கும்" என்றான் வசந்தகுமார்.

செவந்தி தட்டுகளைக் கொண்டுபோய் வாசல்படியில் வைத்துவிட்டு, பழைய இடத்திலேயே, கம்பிவலைக்கு வெளியே உட்கார்ந்துகொண்டாள். தட்டைக் கண்டதும் அந்த ஆம்பிளைகள் முகம் சின்னப் பிள்ளை முகமாகிவிட்டது. ஆளுக்கொன்று எடுத்தார்கள். ஐயனாரும் ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலோரம் நின்றார். வசந்தகுமார் ஒரு காலித் தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்துப்போட்டு அடிக்க, பஸ் பாட்டு கிளம்பியது. ஜஸ்டின் குரல் கிழிந்த துணியாக இருந்தாலும் செவந்திக்கு உடம்பு சிலிர்த்தது. தாயே, இன்றைக்காவது கேட்டுவிட வேண்டும் என்று அம்மனை நினைத்துக்கொண்டாள்.

ஓடி வாரோம், ஓடி வாரோம்...

ஜஸ்டின் நின்றான். எல்லாரும் அவன் வாயையே பார்த்தார்கள். அவன் தலையைச் சொறிந்தான்.

"அடுத்த அடி இல்லடா. மிச்ச அடியை அடுத்த தபசு வந்தாத்தான் எழுதுவேன். அந்த வருசம் விசா வந்துருச்சு. எழுதவே இல்ல."

"அட நாசமாப் போறவனே" என்று யாரோ சிரித்தார்கள். தட்டுகள் ஓய்ந்தன. அப்போது வலைக்கு வெளியிலிருந்து செவந்தியின் குரல் உடைந்து வந்தது.

"பதினஞ்சு வருசமா காத்துக் கெடக்கேன். எழுதலையாம்ல!"

அத்தனை பேரும் திரும்பினார்கள். ஜஸ்டின் வலை அருகே வந்தான்.

"அக்கா, நீங்க கடலை ஒடைச்சுக்கிட்டுல்ல இருந்தீங்க?"

"கடலை ஒடைக்க வீட்ல எடமில்லாமயா இங்கன வந்து ஒக்காந்தேன்?"

ஜஸ்டின் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவை அகலத் திறந்தான். துருப்பிடித்த கீல் கிறீச்சிட்டது.

"உள்ள வாங்கக்கா."

அவள் ஐயனாரைப் பார்த்தாள். அவர் தம் கையிலிருந்த தட்டை அவளிடம் நீட்டினார். செவந்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். குனிந்து ஒரு கல்லைப் பொறுக்கினாள். பாட்டு முதலிலிருந்து தொடங்கியது. தட்டில் அவள் போட்ட முதல் அடி கூச்சத்தில் தப்பாக விழுந்தது. இரண்டாவது அடி சரியாக விழுந்தது. அப்புறம் அவளுக்கு வலையும் தெரியவில்லை, ஆளும் தெரியவில்லை.

ஓடி வாரோம், ஓடி வாரோம்...

ஜஸ்டின் நிறுத்தினான். "மிச்சம்?" என்று அவளைப் பார்த்துக் கேட்டான்.

"அடுத்த தபசுக்கு!" என்று எல்லாரையும் விடச் சத்தமாக அவள்தான் கத்தினாள். வருவானோ, மாட்டானோ. விசா அவன் கையிலா இருக்கிறது?

ஜஸ்டின் சிங்கப்பூருக்குத் திரும்பிப் போய், ஈஸ்டரும் கழிந்து, கோவிலில் ரிதம் பேட் கேட்க ஆரம்பித்துவிட்டது. தட்டுகள் தொழுவத்துக்குத் திரும்பின. ஒன்றைத் தவிர.

"ஒரு தட்டு கொறையுது. அந்தக் கிடாய்க்கு எதுலத்தா தண்ணி காட்ட?" என்றார் ஐயனார்.

"சந்தையில வேற வாங்கிட்டு வாங்க" என்றாள் செவந்தி, திரும்பிப் பார்க்காமல்.