கிணற்றில் அணைந்த ஊர்கள்

எங்கள் சித்தப்பாவுக்கு இரண்டு விஷயங்களில் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். ஒன்று, குழம்பில் உப்பு குறைவது. இன்னொன்று, அவருடைய அரிக்கேன் விளக்கைப் பார்த்து யாராவது பழசு என்று சொல்வது. உப்பு விஷயத்திலாவது சித்தியோடு சமாதானத்துக்கு வருவார்.

அருப்புக்கோட்டையில் பெயிண்டும் ஆணியும் பிளாஸ்டிக் குடமும் விற்கிற கடை அவருக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் கடையை அடைத்துவிட்டு, மொபெட்டின் பின்னால் குடங்களைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். மாட்டுக்கொட்டகைகளிலும் பம்புசெட்டு அறைகளிலும் துருப்பிடித்துத் தொங்கிய விளக்குகளைப் புதுக் குடம் கொடுத்து மாற்றிக்கொண்டு வருவார். வந்ததும் சலவைச் சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்துத் தேய்ப்பார். ஓட்டையை ஈயம் வைத்து அடைத்து, நசுங்கிய குழாயை நிமிர்த்தி, புதுத் திரி போடுவார். ஒவ்வொரு விளக்குக்கும் அது வந்த ஊரின் பெயர்தான் பெயர். பொழுது சாய்ந்தால், "இன்னைக்குத் திருச்சுழிய ஏத்துவமா, பந்தல்குடிய ஏத்துவமா?" என்று என்னைக் கேட்பார்.

சித்தி அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள். "எதையாச்சும் ஏத்துங்க. மண்ணெண்ண வாடை இங்க வந்துச்சு, அம்புட்டையும் எடைக்குப் போட்டுருவேன்."

நான் பள்ளி விடுமுறைக்கு அங்கே போயிருந்த ஒரு கோடையில், சித்தப்பா தன் கிணற்றைத் தூர்வார முடிவு செய்தார். திருச்சுழி போகிற பாதையில் அவருக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. அதில் ஒரு பாழுங்கிணறு. வாயை மூடிக் கிடந்த சீமைக்கருவேலத்தை முந்தின வாரம்தான் வெட்டி எடுத்திருந்தார்கள்.

காலையிலேயே நாங்கள் போய்விட்டோம். கிணறு என்றால் உள்ளே புறா இருக்கும், கல்லைப் போட்டால் படபடவென்று மேலே வரும் என்று எனக்குத் தெரியும். கல்லைப் போட்டேன். ஒன்றும் வரவில்லை. என் பெயரைச் சொல்லிக் கத்திப் பார்த்தேன். கிணறு கொஞ்சம் யோசித்துவிட்டுத் திருப்பிச் சொன்ன மாதிரி இருந்தது. அதற்கப்புறம் நான் எட்டிப் பார்க்கவில்லை.

தூர் எடுக்கிறவர் தன் மனைவியோடு கயிறும் கப்பியும் கொண்டு வந்திருந்தார். எங்கள் பக்கத்தில் வெகுநாள் புழங்காத கிணற்றில் ஆள் இறங்குமுன், எரிகிற விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். அடிவரை எரிந்தால் ஆள் இறங்கலாம். அணைந்தால் உள்ளே கெட்ட காற்று நிற்கிறது என்று அர்த்தம், இறங்கியவன் திரும்ப ஏறமாட்டான். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். எத்தனையோ கிணறு பார்த்த அந்த மனிதருக்கு அது சூடம் காட்டிவிட்டு வேலை தொடங்குவதுபோல வெறும் வழக்கமாகிவிட்டிருந்தது. வருகிற வழியில் அவருடைய விளக்கின் கண்ணாடி பஸ்ஸில் உடைந்துவிட்டது. சித்தப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கேட்குமுன்பே, தன் விளக்குகளைப் போட்டுக் கொண்டுவந்திருந்த சாக்கைப் பிரித்துவிட்டார்.

முதலில் திருச்சுழி இறங்கியது. மேலே வெயிலில் சுடர் இருப்பதே தெரியவில்லை. இருட்டுக்குள் போகப் போகத்தான் அது விளக்காயிற்று. பாதி ஆழம் தாண்டியதும் சுடர் குனிந்தது. காற்றில் அணைகிற விளக்கு துடிக்கும். இது துடிக்காமல், யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டதுபோல அடங்கிப்போனது.

"நேத்து வீட்லயும் இப்பிடித்தான் மக்கர் பண்ணுச்சு," என்றார் சித்தப்பா. "திரி கோளாறு."

தூர் எடுக்கிறவர் சிரித்தார். "லைட்டு பழசுல்ல, அண்ணாச்சி."

அவ்வளவுதான். சித்தப்பா பந்தல்குடியை எடுத்தார். அது அதே இடத்தில் குனிந்து அணைந்தது. கயிறு குலுங்கிவிட்டது என்று சொல்லிக் குமாரலிங்கபுரத்தை மெல்ல மெல்ல இறக்கினார். அதுவும் அதே இடத்தில் அணைந்தது. அணைந்த விளக்குகளைப் பக்கத்து மண்ணில் கிடத்திவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"உள்ள யாரு சித்தப்பா ஊதுறா?" என்று கேட்டேன்.

"யாரும் ஊதல தாயி. காத்து."

வேலியோரம் ஒரு இலைகூட அசையவில்லை.

தூர் எடுக்கிறவரின் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "வெயிலு ஏறுது. இவுக வெளக்கு வெளையாட்டு எப்ப முடியுறது, நாம எப்ப மண்ணெடுக்குறது?" என்று புருஷனிடம் முணுமுணுத்தாள். அவர் செல்போனை எடுத்து டார்ச்சை அடித்தார். அந்த வெளிச்சம் எங்கும் நிற்காமல் அடிவரை போயிற்று. காய்ந்த சருகு, உடைந்த பானை, ஓரத்தில் கொஞ்சம் பச்சைத் தண்ணீர். வேறொன்றும் இல்லை.

"பாத்தீகளா, சுத்தமா இருக்கு. நான் எறங்குறேன் அண்ணாச்சி," என்று இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டார்.

எனக்கு அப்போதுதான் நிஜமாகவே பயம் பிடித்தது. உள்ளே யாராவது இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. யாருமே இல்லாத இடத்தில் யார் ஊதி அணைக்கிறார்கள்?

அவர் ஒரு காலைக் கிணற்றுக்குள் போட்டுவிட்டார். சித்தப்பா ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தார். "நில்லுய்யா! நீ பாட்டுக்கு எறங்கி வேலைய முடிச்சிட்டு, அண்ணாச்சி லைட்டு ஒண்ணுகூட எரியலன்னு ஊரு பூராச் சொல்லவா? இதப் பாத்துட்டு எறங்கு." வீம்பு பிடித்த மனுஷன் என்று சித்தி சொல்வது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சாக்கின் அடியிலிருந்து காஸ் லைட்டு வந்தது. அவருடைய பொக்கிஷம் அது. ஸ்பிரிட் ஊற்றிச் சூடாக்கி, பம்பு அடித்ததும், மேண்டில் வெள்ளை வெளேரென்று உஸ்ஸென்ற இரைச்சலோடு எரிந்தது. அது இறங்கியபோது கிணற்றின் ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. சித்தப்பா எங்கள் மூவரையும் திரும்பிப் பார்த்தார். அந்த இடம் வந்தது. வெளிச்சம் மஞ்சளாகி, சிவந்து, சுருங்கிப் போய்விட்டது. ஆனால் இரைச்சல் மட்டும் நிற்கவில்லை. இருட்டுக்குள்ளிருந்து யாரோ மூச்சுவிடுவதுபோல உஸ்ஸென்று கேட்டுக்கொண்டே இருந்தது. சித்தப்பா கயிற்றை இழுக்க இழுக்க அந்த மூச்சு எங்களை நோக்கி மேலே வந்தது. நான் அந்த அம்மாளின் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சித்தப்பா டேங்கின் திருகைத் தளர்த்திக் காற்றைத் திறந்துவிட்டதும் சத்தம் நின்றது. மேண்டிலைப் பார்த்தார். பம்பைப் பார்த்தார். டேங்கைத் தடவினார். அப்புறம் நிமிராமலே சொன்னார்.

"லைட்டுல ஒரு கோளாறும் இல்ல."

இதே வார்த்தையை அவர் எத்தனையோ பேரிடம் மார்தட்டிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் டேங்கைப் பார்த்து முணுமுணுத்தார். தூர் எடுக்கிறவர் கிணற்றுக்குள் தொங்கவிட்டிருந்த காலைச் சத்தமில்லாமல் மேலே இழுத்துக்கொண்டார்.

"கயித்த அவுருய்யா," என்றார் சித்தப்பா. பிறகு வேலியோரம் போய்க் குனிந்து வாந்தி எடுத்தார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்துத் தண்ணீர்ப் பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

திரும்பி வந்தபோது, காலையிலிருந்து விளக்குகளைத் திட்டிக்கொண்டிருந்த அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். மண்ணில் கிடந்த ஊர்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தாள். முந்தானையால் கரியைத் துடைத்தாள். ஒவ்வொரு கண்ணாடியையும் இரண்டு கைகளாலும் தொட்டுத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். புருஷன் "வா, போகலாம்" என்று கூப்பிட்டும் அவள் எழுந்திருக்கவில்லை.

எரிகிற விளக்கைக் கும்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். அணைந்துபோன விளக்கைப் போய் யாராவது கும்பிடுவார்களா? எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த அம்மாள் அழுதுகொண்டிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.