சோலார் தட்டுக்கு வைத்த பொட்டு

எங்கள் வீடு உச்சிப்புளி ஊருக்குள் இல்லை. மிளகாய்க் கொல்லைக்கு நடுவில் தனியாக நின்றது. அதுவரைக்கும் கரண்டுக் கம்பி வரவில்லை. கம்பம் கேட்டு நடையாய் நடந்த என் கணவர் பிழைப்புக்காகச் சவுதிக்குப் போய்விட்டார். நானும் மாமியாரும் கைக்குழந்தையும் ஒரு மண்ணெண்ணெய் விளக்குமாக இருந்தோம். ஒரு மழைக்காலத்தில் தொட்டிலுக்கு அடியில் கண்ணாடிவிரியன் சுருண்டு கிடந்தது. அதிலிருந்து இருட்டினால் தரையில் கால் வைக்கவே எனக்கு உதறல்.

வீட்டுக்குச் சோலார் விளக்குப் போட்டால் அரசாங்கம் மானியம் தருவதாகக் கேள்விப்பட்டு, எங்கள் பங்கைக் கட்டிவிட்டேன். மீதியை அரசாங்கம் கடைக்காரருக்குக் கொடுக்கும். ஆனால் அதிகாரி வந்து, மீட்டர் வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் கடைக்காரர் வெயில் வாங்குகிற சோலார் தட்டைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார். முதலிலேயே பேசிய பேச்சு அது.

மாடியில் தட்டு மாட்டிய கையோடு ஆயுதபூசை வந்தது. மண்வெட்டி, அரிவாள், மருந்தடிக்கிற மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். வெளிச்சம் தருகிற சாமானை மட்டும் விட மனசு வருமா? மாடியேறி, சவுதியில் இருக்கிற அவர் நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும் என்று கும்பிட்டுவிட்டு, கட்டத்துக்குக் கட்டம் சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமம் வைத்தேன். இந்த விஷயத்தில் எனக்குக் கை தாராளம். மாமியார் கீழேயே நின்றுகொண்டார். மாமனார் இறந்த பிறகு அவர் குங்குமத்தைத் தொட்டதில்லை; தொடவும் விடமாட்டார்கள்.

அடுத்தடுத்த நாட்களில் விளக்கு மங்கியது. மழை மூட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூட்டம் விலகி வெயில் அடித்த ஒரு மதியம் அதிகாரியும் கடைக்காரரும் வந்தார்கள். மாடியில் மீட்டரைப் பார்த்த அதிகாரி முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா இது, கண்ணாடி பூரா சந்தனம்? வெயில் எப்படி உள்ள போகும்? துடைங்க. முள் ஏறுச்சுன்னா கையெழுத்து. இல்லைன்னா அடுத்த வருசந்தான் பார்க்கணும்."

"அதுவரைக்கும் என்னால விட்டு வைக்க முடியாது தாயி" என்றார் கடைக்காரர். ஸ்பேனர் கையிலேயே இருந்தது.

சந்தனம் வெயிலில் காய்ந்து ஓடாகிப்போயிருந்தது. தண்ணீர் ஊற்றினேன், அசையவில்லை. தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். முந்தானையை நனைத்துக்கொண்டு குனிந்தேன்.

"ஏத்தா, கையை எடு" என்று கீழேயிருந்து மாமியார் குரல் கொடுத்தார். "புருசன் கடல் தாண்டிக் கெடக்கான். அவனுக்காக வச்ச பொட்ட நீயே அழிப்பியா?"

கையை இழுத்துக்கொண்டேன். சகுனமெல்லாம் நம்புகிறவள் நான் இல்லை என்று அதுவரை நினைத்திருந்தேன். கடைக்காரரைப் பார்த்தேன். பூசை வைத்ததில் கை வைக்க மாட்டேன் என்று அவர் விலகிக்கொண்டார். அதிகாரியும், "நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா என்னையத்தான் சொல்வீங்க" என்று கடிகாரத்தைப் பார்த்தார். கீழே குழந்தை அழுதது. பாம்பும் கண்ணுக்கு முன்னால் வந்தது, கணவர் முகமும் வந்தது. இரண்டில் எதற்குப் பயப்படுவது என்று தெரியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அதிகாரி மீட்டரைப் பைக்குள் வைத்தார். கடைக்காரர் முதல் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டார்.

அப்போதுதான் மாமியார் ஏறி வந்தார். கைப்பிடி இல்லாத படி. முட்டிவலிக்காரர், சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினார். என் பக்கம் திரும்பவில்லை.

"தள்ளு" என்றார். "எனக்குத்தான் அழிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லையே."

வெறுங்கையால் தேய்த்தார். தண்ணீர் ஊற்ற ஊற்ற, ஒரு கட்டம் விடாமல் தேய்த்தார். அதிகாரி மறுபடி மீட்டரை வைத்தார். முள் ஏறியது. கையெழுத்துப் போட்டார், இருவரும் போய்விட்டார்கள். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ மாமியார் சொன்ன வார்த்தையே காதில் நின்றது.

செம்பில் தண்ணீர் கொண்டுபோனேன். வாசலில் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கை இரண்டும் குங்குமமாகச் சிவந்திருந்தன.

"கையைக் கழுவுங்க அத்தை."

"இருக்கட்டும். பெறவு கழுவிக்கிறேன்."

கைகளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, பொழுது சாயும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.