செம்பூர் சுளுக்கு டாக்டரும் சில முதுகுகளும்

முதுகு இருக்கிற அத்தனை பேரும் எங்கள் வாடிக்கையாளர்கள்தான். சிலர் இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவே. மும்பை செம்பூரில் ஒரு கைரோபிராக்டிக் கிளினிக்கின் ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிறேன். மருந்து, ஊசி எதுவும் கிடையாது. டாக்டர் கையாலேயே கழுத்தையும் முதுகெலும்பையும் அழுத்துவார். 'டக்'கென்று நெட்டி முறிகிற சத்தம் வரும். போர்டில் இருக்கும் பெயர் யார் வாயிலும் நுழையாததால் ஊருக்கு அவர் சுளுக்கு டாக்டர். லோக்கல் ரயிலில் நின்று நின்று இடுப்பு விட்டுப்போன என் இனத்தாரே, நீங்களும் கேளுங்கள்.

கழுத்து திரும்பியது

தாராவியில் மளிகைக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் மனைவியோடு வந்தார். கழுத்துப் பிடிப்பு. பாஸ்போர்ட் ஃபோட்டோவுக்கு உட்கார்ந்தவர் போல் விறைப்பாக இருந்தார். அவரை உள்ளே அனுப்பிவிட்டு அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்தேன். உள்ளே 'டக்' என்றது. அக்கா டம்ளரை என் கையில் திணித்துவிட்டு, "ஐயோ, கழுத்த ஒடிச்சிட்டாவளே!" என்று கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார்.

"கத்தாதட்டி, இப்பதான் ரெண்டு பக்கமும் திரும்புது" என்று அண்ணாச்சி திருப்பித் திருப்பிக் காட்டினார். அக்கா அந்தக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இனிமே நான் பேசயில டிவியப் பாத்துக்கிட்டு, கழுத்து திரும்பலன்னு மட்டும் சொல்லிப் பாருங்க."

சத்தம் வரவில்லை

மாட்டுங்கா மாமா பேங்க்கில் இருந்து ரிட்டையர் ஆனவர். வலி நன்றாகக் குறைந்துவிட்டது, இனி உடற்பயிற்சி போதும் என்று டாக்டர் சொல்லியும் கட்டிலைவிட்டு இறங்க மறுத்தார். சத்தம் வரவில்லையாம். மூட்டுக்குள் இருக்கும் காற்றுக்குமிழிதான் அந்தச் சத்தம், அது வந்தால்தான் குணம் என்றில்லை என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். மாமா அதைவிடப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எல்லாம் சரி டாக்டர். ஆனா சத்தம் வந்ததுன்னு சொன்னாத்தான் ஆத்துல ரெஸ்ட் குடுக்கறா. இல்லேன்னா பையைக் கையில குடுத்து மார்க்கெட்டுக்கு அனுப்பிடறா."

குனிந்தவர் நிமிரவில்லை

ஒருநாள் காலை, தண்ணீர் கேனைத் தூக்கக் குனிந்த டாக்டர் முதுகு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். ஊர் முதுகையெல்லாம் சரிசெய்கிறவர், தன் முதுகுக்குத் தன் கை எட்டாமல், சுவரைப் பிடித்துக்கொண்டே வரிசையில் இருந்த அத்தனை பேரையும் கடந்து உள்ளே போனார். சான்பாடாவிலிருந்து முதல் முறையாக வந்திருந்த அம்மா கைப்பையை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"முதல்ல அவர் ஒரு நல்ல டாக்டரப் பாக்கட்டும். அட்ரஸ் கெடச்சா எனக்கும் போன் பண்ணுங்க."

கை வைக்க மறுத்தார்

முருகேசனுக்கு மான்குர்த்தில் வீடு. கோடவுனில் மூட்டை தூக்கும் வேலை. மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு காலை இழுத்து இழுத்து வந்தார். டாக்டர் காலைத் தட்டிப் பார்த்தார். ஒன்றுக்குப் போவதில் சிரமம் உண்டா என்று கேட்டார். "காலையிலேருந்து வரவே மாட்டேங்குது சார்" என்றதும் டாக்டர் முகம் மாறியது. "நரம்பு நசுங்குது. இதுல நான் கை வெக்கக் கூடாது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"சேட்டு வேற ஆளப் போட்டுருவான் சார். ஒரே ஒரு டக்கு, அது போதும்!" என்று கெஞ்சினார் முருகேசன். டாக்டர் அசையவில்லை. "மூட்ட தூக்குறவன்னா தொட மாட்டீங்களோ?" என்று கத்தினார். காத்திருந்தவர்களில் பாதிப் பேர் அவர் கட்சி. எனக்கே டாக்டர்மேல் கோபம் வந்தது. அவரோ என்னை ஆட்டோ பிடிக்கச் சொன்னார். பிறகு தானும் அதில் ஏறிக்கொண்டார். அன்றே ஆபரேஷன். இன்னும் தாமதித்திருந்தால் கால் விளங்காமலே போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

சில மாதம் கழித்து முருகேசன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு, யார் தோளையும் பிடிக்காமல் படியேறி வந்தார். டாக்டரைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, காத்திருந்தவர்கள் பக்கம் திரும்பி உரக்க அறிவித்தார்: "நம்பி வாங்க. சார் கை வெக்காமலே என்னய நடக்க வெச்சவரு!"

"ரொம்ப நேரம் உட்காராதீங்க" என்று வருகிறவர்களுக்கெல்லாம் நாள் முழுக்க உட்கார்ந்தபடியே சொல்லிச் சொல்லி, இப்போது எனக்கும் இடுப்புவலி.